தங்குவோர் எண்ணிக்கை

மண்டல அலுவலகத்திலிருந்து வந்தவர்கள்
செருப்பைக் கழற்றலாமா என்று வாசலில் யோசித்தார்கள்.
பிறகு கழற்றாமலே அறையை அளந்தார்கள்.
பதினோரு அடிக்குப் பதினான்கு.
நாடாவின் மறுமுனைக்கு ஆள் இல்லை.
இரவெல்லாம் ஸ்டான்லியில் வார்டு துடைத்துவிட்டுக்
கண்ணை மூடப் போன என்னை எழுப்பிப்
பிடிக்கச் சொன்னார்கள்.
பிடித்தேன்.

தலைக்கு நாற்பது சதுர அடி என்றார் மேடம்.
வகுத்துப் பார்த்தால் மூன்று ஆளும்
நாலாவதில் முக்காலுக்குக் கொஞ்சம் மேலும்.
நல்ல மனசு அவருக்கு.
அந்த முக்காலை முழு ஆளாக்கினார்.

பழைய வண்ணாரப்பேட்டையில்
ஜிப் மாற்றித் தரும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி எங்களுடையது.
எங்களுடையது என்றால்
வீடு பெனிட்டா அக்காவுடையது.
கட்டில் எங்களுடையது,
அதுவும் பாதி நாளைக்கு.

மல்லேஸ்வரி
காலை ஆறேகால் கம்பெனி வேனில் மணலிக்குப் போவாள்.
ஏழரைக்கு நான் வருவேன்.
அவள் இரவு திரும்பும்போது
நான் வார்டில் பினாயில் கலந்துகொண்டிருப்பேன்.
ஞாயிற்றுக்கிழமை எண்ணூரில் அவள் அக்கா வீடு.
எனக்கு லீவு விழுந்தால் ஊத்துக்கோட்டை பஸ்.
எட்டு மாதமாக ஒரே தலையணை.
அவளுக்குச் சளி பிடித்தால்
மறுநாள் எனக்கு.
மெத்தைக்கு அடியில் மாத்திரை அட்டை இருக்கும்,
இரண்டு பிய்த்தது, மீதி எனக்கு.
முகம் மட்டும் தெரியாது.
அக்கா ஃபைலில் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று பார்த்தேன்.
கறுப்பாய் ஒரு வட்டம்.

"நாலு கட்டிலுக்கு எட்டு பிரஷ் எதுக்குங்க?"
மேடம் கேட்டார்.
"பழசத் தூக்கிப் போட மனசு வர்ல மேடம்,
பாத்ரூம் கழுவ ஆவுமே."
அவர் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.
ஒருநாள் இரவு பத்தரைக்குத் திரும்ப வந்து
தூங்குகிறவர்களை எண்ணினாராம்.
நாலு பேர்.
பகலில் வந்தபோதும் நாலு பேர்.
யாரும் ஒரு பொய் சொல்லவில்லை,
பிரஷ்ஷைத் தவிர.

இந்தச் சட்டத்தைத் திட்ட எனக்கு வாய் வராது.
போன சித்திரையில் அடுத்த சந்தில்
மீட்டர் பெட்டி எரிந்தபோது
இறங்க ஒரே படி, அதுவும் புகைக்குள்.
மொட்டைமாடியில் ஆறேழு பையன்கள் நின்று
இந்தியில் கத்தியதைக் கேட்டவள் நான்.
என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை.
புரியாமல் இருக்குமா.

எங்களுக்கும் பின்பக்கம் இரும்புப் படி வந்தது.
கூடவே வாடகையில் ஆளுக்கு ஐந்நூறு ஏறியது.
படியில் நைட்டி காய்கிறது.
உரிமத்தைக் கண்ணாடி போட்டு
ஃபேன் சுவிட்சுக்கு மேலே மாட்டினார் அக்கா.
தங்குவோர் எண்ணிக்கை: நான்கு.

கார்த்திகையில் மூன்று நாள் மழை.
பேசின் பிரிட்ஜ் சுரங்கப்பாதை நிரம்பியது.
வேன் வரவில்லை.
இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து
நான் வந்து சேர்ந்தபோது
கரண்ட் இல்லாத அறையில்
எட்டுப் பேர்.
என் கட்டிலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.
காதோரம் நரை.
என் வயசுக்காரி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.
"நூவேனா? செவுத்துப் பக்கமா
பள்ளம் போட்டு வச்சிருக்கறது நீதானா?"
பள்ளம் அவளுடையது என்றுதான்
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கீழே தெருவில் படகு.
கார்ப்பரேஷன் ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு,
"மேல எத்தினி பேரு?"
பெனிட்டா அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஒரு நொடி சுவரைத் திரும்பிப் பார்த்தார்.
எங்களையும் பார்த்தார்.
"நாலு!"

கயிற்றில் கட்டி
நாலு பொட்டலம் மேலே வந்தது.
கட்டிலுக்கு ஒன்று.
நானும் மல்லேஸ்வரியும்
நடுவில் பிரித்து வைத்துக்கொண்டோம்.
சாம்பார் சாதம், கொஞ்சம் ஆறியிருந்தது.
ஊறுகாய் ஒன்றே ஒன்று.
அதை அவள் எடுத்துக்கொண்டாள்.