களருக்கு ஒரு வாளி

லிம் சூ காங் சாலையில்
கல்லறைகளைத் தாண்டி, பன்றி வாடை போன பண்ணைகளைத் தாண்டி,
குவெக் பீ ஹூனின் ஒன்பதாம் பாத்தி.
முன்பு இறால் குளம்.
பதினோரு ஆண்டு நீரிணையைக் குடித்த மண்,
இப்போது கங்கோங் விதைத்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"சால்ட்," என்கிறார் அவர்.
எனக்கு அந்த ஒரு சொல் போதவில்லை.
வெள்ளை பூத்துக் கிடந்தால் அது உவர்,
இந்த ஊர் மழையே கழுவிவிடும், டிசம்பருக்குள்.
இது களர்.
நனைந்தால் குழம்பும், காய்ந்தால் ஓடாய் வெடிக்கும்,
ஊற்றிய தண்ணீர் இறங்க வழியின்றி
மேலேயே நின்று வானம் பார்க்கும்.

களிமண் தட்டுகளின் இடையில் சோடியம் உட்கார்ந்துகொண்டு
ஒன்றை ஒன்று தொடவிடாமல் வைத்திருப்பதை
எந்த மொழியில் சொல்வது?
எங்கள் இருவர் மலாயையும் கூட்டினால் ஐம்பது சொல் தேறாது.
ஆகவே எம்ஆர்டியைச் சொன்னேன்:
பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு
தூங்குவதுபோல் நடிக்கும் ஆள்.
"ஆ," என்றார். "துரத்து."

துரத்தலாம். கால்சியத்துக்கு இரண்டு கை.
ஒன்றால் இந்தத் தட்டு, இன்னொன்றால் அந்தத் தட்டு.
எழுந்த சோடியத்தை மழை கூட்டிப்போகும்
வடிகாலுக்கு, வந்த கடலுக்கே.

ரொஃபிகுல் என் மீட்டரைப் பார்க்கவில்லை.
ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்தான், துப்பினான்.
சாத்கிராவில் அவன் அப்பாவின் நெல்லில்
புயல் கடலைக் கொண்டுவந்து ஊற்றிய ஆண்டு
அவனுக்கு ஒன்பது வயது.
அதைப் பிறகுதான் சொன்னான், மூட்டை இறக்கும்போது,
பாதியில் நிறுத்திவிட்டு.

மூட்டையில் இருந்தது ஜிப்சம்.
தெங்காவின் புதிய வீடுகளில்
அளவு தவறி வெட்டப்பட்ட பொய்க்கூரைப் பலகை.
காகிதத்தை உரித்தோம், ஆணி பொறுக்கினோம், உடைத்தோம்.
யாருடைய தலைக்கும் மேலே போகாத கூரை
எங்கள் காலடிக்கு வந்தது.

கணக்கை எழுதிக் கொடுத்தேன்.
இந்தப் பாத்திக்கு அறுநூறு கிலோ. மூன்று மழைப்பருவம்.
குத்தகையில் மீதம் பதினான்கு மாதம்.
அதன்பின் இங்கே என்ன வரும் என்று
அவருக்கு வந்த கடிதத்தில் இல்லை.
நானும் கேட்கவில்லை.
வரப்போவதும் வீடாகவே இருக்கலாம்,
அதற்கும் பொய்க்கூரை வேண்டியிருக்கும்.

குவெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டிக்கொண்டு எண்களைப் படித்தார்.
"அடுத்த லாரி எப்போது?"

முதல் நாள்,
அடி வெட்டிய மைலோ டின்னை மண்ணில் அழுத்தி
தண்ணீர் ஊற்றி உட்கார்ந்தோம். நாற்பத்தேழு நிமிடம்.
பத்து வாரம் கழித்து அதே டின், அதே அளவு.
ஓரத்தில் ஒரு குமிழ் வெளிவந்து உடைந்தது,
உள்ளே எங்கோ ஒரு வழி திறந்ததுபோல.
மூவரும் குனிந்திருந்தோம், பேச்சில்லை.
தெங்கா விமானத்தளத்து ஜெட் ஒன்று
காதைக் கிழித்துப் போனது, யாரும் நிமிரவில்லை.

முப்பத்தொன்று, என்று எழுதினேன்.
ரொஃபிகுல் டின்னைப் பிடுங்கி
இரண்டடி தள்ளி அழுத்தினான்.
குவெக் வாளியோடு குழாய்க்குப் போனார்.