எழுபத்திரண்டாம் மணி

இரண்டு புள்ளி ஏழு வோல்ட்டில் நிறுத்தி
வியாழன் காலை ஒன்பது பத்துக்குக்
கம்பிகளைக் கழற்றினேன். ஆறு செல்.
இனி யாரும் தொடக்கூடாது.
ஞாயிறு ஒன்பது பத்துக்கு
மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஞாயிறு ஒன்பது பத்துக்கு
நீடாமங்கலம் கேட்டில் நிற்கிறேன்.
சரக்கு வண்டி, முடிகிற மாதிரி இல்லை.
ஷெட் சாவி என் பையில்.
மன்னார்குடியில் ஆறும்
யாருக்கும் கொடுக்காமலே
குறைந்துகொண்டிருக்கின்றன.

போனில் தஸ்லிமா சொன்னாள்:
"வந்து சேர்ற நேரத்தையே எழுதுங்க."
எனக்குத் தலைஞாயிறு, கடைமடை.
திறந்துவிட்டதை யார் அளந்தார்கள் அங்கே?
வந்து சேர்ந்ததைத்தான்.

ஒன்பது ஐம்பத்திரண்டு.
ஐந்து செல் சொல்லிவைத்தாற்போல் இரண்டரைக்கு மேல்.
மூன்றாவது, ஒன்று புள்ளி ஒன்பது.

மறுபடி நிரப்பிப் பத்து ஆம்பியர் கேட்டோம்.
கேட்ட கணத்தில் கோடு
செங்குத்தாக ஒரு படி இறங்கும்,
பிறகுதான் சரியும்.
அந்தப் படி உள்ளிருக்கும் தடை,
கொடுக்குமுன் வரும் முகச்சுளிப்பு.
ஐந்துக்கும் இருந்தது.
மூன்றாவதன் படியைத் திரையில்
பெரிதாக்கித் தேட வேண்டியிருந்தது.

"கசியுது. தேறாது" என்றாள் தஸ்லிமா.
அவள் சொன்னது சரி. எழுதினேன்.

காலி செய்தாலும் தானாகக் கொஞ்சம் ஊறும் இது,
சித்திரையில் வெட்டாற்று மணலில்
கையால் பறித்த பள்ளம் மாதிரி.
அதனால் இரு முனைக்கும் குறுக்கே
ஒரு கம்பி முறுக்கித்தான்
அலமாரியில் வைப்பது வழக்கம்.

முறுக்கினேன்.
கொஞ்சம் தளர்வாக.