மூன்றாவது படி

போன வருசக் காலண்டரின் முதுகில்
பதினோரு தீர்மானம் எழுதியிருந்தோம்.
தவராஜின் கையெழுத்து, என் அவசரம்.
குளியலறைக்கு டைல்ஸ்.
சமையற்கட்டுக்கு மேலே புதுத் தகரம்.
வடக்குச் சுவருக்கு ஈரம் ஏறாத பெயின்ட்.
ஏழாவது, தோட்டத்தைச் சுற்றி வேலி.
அதற்கு நேரே மட்டும் ஒரு டிக் இருக்கிறது,
போட்டவள் சஜிதா, வீட்டுப்பாடம் முடித்த சந்தோஷத்தில்.
வேலி இன்னமும் மூங்கில் குச்சிதான்.
காட்டெருமைகளுக்கு அது வரவேற்பு வளைவு.

இன்றைக்கு முப்பத்தொன்று.
கோத்தகிரி பஜாரில் அரைக் கிலோ கேக் வாங்கியாயிற்று.
அரவேனுவுக்குக் கீழே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறிவந்து
தெருவிளக்கை முக்கால்வாசி தின்றுவிட்டது.
காலண்டரைக் கவிழ்த்துப் போட்டு
மறுபடி உட்கார்ந்தோம்.

"இந்த வருசமாவது பெரிசாப் பண்ணணும்" என்றான்.
"பச்சை இலை கிலோ பதினாறு ரூபா" என்றேன்.
பேனா மூடியைக் கடிக்கத் தொடங்கினான்.

எழுந்து வீட்டைச் சுற்றிவந்தேன்
வார்டைச் சுற்றும் டாக்டரைப்போல,
யாரையும் இன்றைக்கு டிஸ்சார்ஜ் செய்வதாக இல்லை.

வடக்குச் சுவர்ப் பூஞ்சை
ஒவ்வொரு மழைக்கும் வளர்ந்து
இப்போது அப்படியே இலங்கை வரைபடம்.
வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் மௌனமாகிறார்கள்,
அந்தக் காலத்தில் கப்பலில் வந்த குடும்பம் என்று தெரிந்தவர்கள்.
ஹட்டனில் பிறந்த என் மாமனார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"பின்னால குழாய் ஒழுகுது."

முன்கதவு ஆடியில் ஊதிக்கொள்ளும்,
தோள் கொடுத்துத் தள்ளித்தான் வீட்டுக்குள் வரவேண்டும்.
ஆடியில் இழைத்துவிட்டால்
தையில் சுருங்கி, இரண்டு விரல் சந்து விழும்.
அந்தச் சந்தில் உறைபனி உள்ளே வந்து உட்காரும்.
கதவு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.
அடித்தேன், அந்த வரியை.

டைல்ஸையும் அடித்தேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
கேக்கின் மேலிருந்த செர்ரியை மட்டும் எடுத்துக்கொண்டான்.
தகரம், கொத்தனார் போஜனின் கையில் இருக்கிறது.
மழையில் "வெயில் வரட்டும்" என்பார்,
வெயிலில் "கல்யாணம் ஒண்ணு இருக்கு."

மிஞ்சியது இரண்டு.
குழாய்க்கு ஒரு வாஷர், பத்து ரூபாய்.
வாசலில் ஆடும் மூன்றாவது படி, காசே இல்லை.

அந்தப் படி ஆடத் தொடங்கி நாலு வருசம்.
இரண்டிலிருந்து நாலுக்குத் தாண்டுவது
எங்கள் எல்லோர் காலுக்கும் மனப்பாடம்.
கேஸ் கொண்டுவருகிறவர் தோளில் சிலிண்டரோடு தாண்டுவார்.
நாய்கூடத் தாண்டுகிறது.
விருந்தாளிக்கு மட்டும் உள்ளிருந்து கத்தவேண்டும்,
"பாத்து, மூணாவது!"
வாங்க என்று சொல்வதற்கும் முன்னால்.

பன்னிரண்டு அடித்ததும்
மேலூர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது.
மூன்றாவதாக ஏதாவது எழுதலாமா என்று நிமிர்ந்தால்
எதிரே ஆள் இல்லை.
வாசலில், பல்லில் டார்ச்சைக் கடித்தபடி
கல்லை நெம்பி, அடியில் ஒரு ஓட்டுச்சில்லை
முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.
வாயிலிருந்து ஆவியும் வெளிச்சமும் சேர்ந்து வந்தன.
"எழுதாத, எழுதினா நடக்காது"
என்று சொன்னான் என நினைக்கிறேன்,
டார்ச் இருந்ததால் சரியாகப் புரியவில்லை.

ஒன்றாம் தேதி எல்லோரும் தாண்டினோம்.
இரண்டாம் தேதியும்.
போஜன் வந்து, படியைப் பாராட்டிவிட்டு, தாண்டிப் போனார்.

நான்காம் நாள்
தலையில் இலை மூட்டையோடு இறங்கும்போது
என்னவோ நினைப்பில், மறந்துபோய்,
மிதித்துவிட்டேன்.

நின்றது.

மூட்டையை இறக்காமலே
இன்னொரு தடவை ஏறி, இறங்கிப் பார்த்தேன்.
உள்ளே குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.
அது நாளைக்கு.