'லாம்' என்று முடியும் வாசகம்

நாலாம் மாடி. குளிரூட்டி பழுதாகி மூன்று நாள்.
யன்னலைத் திறந்தால் பேரை வாவியின் நாற்றம்,
மூடினால் பியசிறியின் சோற்றுப் பார்சல் கருவாடு.
திறந்தே கிடக்கட்டும் என்றோம்.
இந்தக் கந்தோரில் இரு மொழியும்
ஒருமனதாய் நிறைவேற்றிய தீர்மானம்
அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

மேசையில் சட்டமூலம்.
காட்டுத்தீ (தடுத்தலும் முகாமைசெய்தலும்).
முப்பத்தொரு பக்கம். வெள்ளிக்குள் தமிழ் வேண்டுமாம்.
'காலநிலை வெப்பமடைந்து வருவதனைக் கருத்திற்கொண்டு'
என்று தொடங்குகிறது.
கருத்திற்கொண்டேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலில் 'எரிபொருட் சுமை' என்று எழுதினேன்.
கொலன்னாவையிலிருந்து ஒரு பவுசர் கிளம்பி
கண்ணுக்குள் ஓடியது. வெட்டினேன்.
சருகு.
சட்டத்துக்கு அது போதாது. சருகு என்பது யாது?
'உலர்ந்த இலை, ஊசியிலை, சுள்ளி, பட்டை, மானாப்புல்,
தரையில் கிடப்பதும் விழவிருப்பதுமான யாதேனும்.'
பொருள்கோடல் எழுதி முடிய
ஒரு மலைச்சரிவே தாளில் வந்து குவிந்துவிட்டது.
பக்கத்து மேசையில் யாரோ நெருப்புப்பெட்டி கேட்டார்கள்.
எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

போன மாதம் கீழ் மாடியில் கருத்துக் கேட்டார்கள்.
அல்துமுல்லைப் பக்கமிருந்து
மூன்று பஸ் மாறி வந்திருந்தார் அழகம்மை.
செருப்பைக் கழற்றி வெளியே விடப் பார்த்தவரைக்
காவலாளி போட்டுக்கொள்ளச் சொன்னான்.

'பைனுக்குள்ள போயி ஊசி அள்ளுனா கேசு.
அள்ளாம விட்டா தீ.
தீ வந்தா மொதல்ல எங்க லயத்துக்குத்தான் வருது.
யாரு வச்சதுன்னும் மொதல்ல எங்களத்தான் கேக்குறாங்க.
கச்சான் காத்துலதான் எரியும் முன்னெல்லாம்.
இப்ப மாசியிலயும் எரியுது.
கூட்டுறதுக்கு நாங்க இருக்கோம்.
கூட்டலாமான்னு மட்டும் சொல்லுங்க.'

சிங்களத்தில் நான் சொல்லி முடிக்க
அரை நிமிடம் ஆகவில்லை.
கூட்டறிக்கையில் ஒரு வரி:
பொதுமக்கள் கருத்து பெறப்பட்டது.
பஸ் காசு கொடுப்பதற்கான படிவம்
தமிழில் தீர்ந்துபோயிருந்தது.

வாசகம் ஒன்பது:
தீத்தடை வழிகளைத் திணைக்களம் துப்புரவு செய்யலாம்.
வாசகம் பதினான்கு:
ஒதுக்கக் காட்டில் சருகு அகற்றும் ஆளெவரும்
எழுத்திலான அனுமதி பெறுதல் வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக
இந்த இரண்டு விகுதியும்தான் என் சம்பளம்.
'லாம்' ஒரு கொட்டாவி;
வாய் திறக்கும், மூடும், ஒன்றும் வராது.
'வேண்டும்' தாழ்ப்பாள்.
எந்தப் பக்கம் நின்று போடுகிறார்கள் என்பதை
வாக்கியத்தின் எழுவாயில் பார்க்க வேண்டும்.

வரைஞருக்குக் குறிப்பு அனுப்பினேன்:
வாசகம் ஒன்பதிலும் 'வேண்டும்' வருமா?
அடுத்த நாள் பதில் வந்தது.
'மூலத்தில் உள்ளவாறு.'

அந்த ஒரு இரவு முழுதும்
என் கணினியில் மட்டும்
திணைக்களம் துப்புரவு செய்தல் வேண்டும் என்றிருந்தது.
யாரும் செய்யவில்லை என்றாலும்
திரையில் அந்தச் சரிவு சுத்தமாய்த் தெரிந்தது.
காலையில் அழித்தேன்.

கடைசி வாசகத்துக்கு மூலம் பார்ப்பதில்லை,
எல்லாச் சட்டத்திலும் அதுவே கடைசி:
சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே
ஏதேனும் ஒவ்வாமை ஏற்படும் பட்சத்தில்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.

தட்டச்சு செய்து நிமிர்ந்தபோது
ஒரு நப்பாசை. பியசிறியைக் கேட்டேன்.
உன் பிரதியில் ஒன்பது எப்படி முடிகிறது?

புரட்டினான். அவனுடைய அக்கா வெலிமடையில்,
போன வருடம் மிளகாய்ப் பாத்தியோடு
கொட்டிலும் எரிந்தது.
'ஹெகிய' என்றான்.
லாம்.

அந்த இடத்தில் மட்டும் ஒவ்வாமை இல்லை.

அச்சுக்குப் போகிறது.
ஆடிக்கு இன்னும் ஏழு கிழமை.