முப்பத்து நான்கு மீட்டர்

ஜெலுத்தோங் திடலின் தென்மூலையில்
பிவிசி குழாயும் சைக்கிள் டியூபும் கட்டி
நாங்கள் நிறுத்திய கவண்பொறி
பார்க்க உடைந்த கட்டில் மாதிரிதான் இருந்தது.

எறிபொருள் ஸ்குவாஷ் பந்து, உள்ளே ஈர மணல்.
கோணம் நாற்பத்தைந்து.
மடிக்கணினி சொன்ன தூரம் முப்பத்து நான்கு மீட்டர்.
நாடா முடிந்த இடத்தில்
சிவப்பு வாளியை வைத்துவிட்டு
ஹஸ்மீரா கையை உயர்த்தினாள்.

"காற்றைச் சேர்த்தாயா?" என்றான் ஹோ யான்.
சேர்க்கவில்லை.
"ரப்பர் வாங்கிக்கொண்டு திருப்பித் தராததை?"
அதுவும் இல்லை.
ஐந்தேகாலுக்குப் பேருந்து.
கொக்கியை விட்டேன்.

மூன்றாம் மாடியில் காயும் கைலியின் உயரம்வரை
ஏறியது பந்து.
அங்கே ஏதோ மறந்துவிட்டவன் போல் ஒரு தயக்கம்,
பிறகு சரிவு,
பிறகு டொக்.
வாளிக்குள்.

யாரையும் தொட்டுப் பேசாத ஹோ யான்
வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

இரவு அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்.
சைனுக்குள் தொண்ணூறை அப்படியே போட்டிருக்கிறேன்.
அதற்குப் பாகை தெரியாது, ரேடியன்தான் தெரியும்.
ஒன்று வரவேண்டிய இடத்தில்
பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்பது.
உண்மையில் முப்பத்தெட்டு வந்திருக்க வேண்டும்.
மீதி நாலு மீட்டரைக்
காற்றும் ரப்பரும் பங்குபோட்டுத் தின்றிருக்கின்றன,
சரியாக என் தவறின் அளவுக்கு,
ஒரு வாய் கூடாமல் குறையாமல்.

கோணம் நாற்பது என்று வைத்திருந்தால்
விடை கழித்தல் குறியோடு வந்திருக்கும்.
பந்து எங்கள் முதுகுப்பக்கம் பறந்து
பிசாங் கோரெங் கடையின் எண்ணெய்ச் சட்டியில் விழும் என்று
இதே தெம்போடு சொல்லியிருக்கும் அந்தத் திரை.

காக்கை உட்கார்ந்ததையும்
பனம்பழம் விழுந்ததையும்
அட்டவணை போட்டு
வரைபடமும் வரைந்து வைத்திருக்கிறேன்,
அச்சுகளுக்குப் பெயர் எழுதி.

சூத்திரத்தைத் திருத்தினேன்.
இப்போது கணக்கு சரி,
விடை தவறு.

கைப்பேசியில் ஹோ யான் அனுப்பிய வாளிப் படம்,
கீழே மூன்று பட்டாசுகள்.
'கணித்தது 34. விழுந்தது 34. காரணம்:'
அதற்கப்புறம் அறிக்கை நகரவில்லை.
பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் அனுப்பினேன்:
நாளைக்கும் திடலுக்கு வா.
வாளியை முப்பத்தெட்டில் வைப்போம்.
எவ்வளவு தவறுகிறது என்று
அளந்து பார்க்கணும்.