சாம்பல்தான்

குஷிரோவில் ஜூலை என்றால் கோடை இல்லை,
மூடுபனி.
துறைமுகத்துச் சங்கு நிமிடத்துக்கு ஒருமுறை
யாரையோ எழுப்பப் பார்த்துத் தோற்கும்.
மணி அதிகாலை மூன்றே முக்கால்.
கடையில் நானும்
கண்ணாடிப் பெட்டிக்குள் வதங்கும் பொரித்த கோழியும்
ஆள் வந்தாலும் வராவிட்டாலும்
ஒரே மெட்டைப் பாடும் கதவும்.

இசோபே வருவார்.
மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை, இரவு ஷிப்ட்.
ரப்பர் பூட்ஸில் செதில் மினுங்கும்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவார்.
விரல் ஈரமென்றால் திரைக்குக் காது கேட்காது,
அப்போது மூக்கு நுனியால் தொடுவார்.
சிரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அவர் விளையாட்டில் ஒரு பிராணி,
வெளியே நிஜமாகப் பனி இறங்கினால்தான் தலைகாட்டும்.
கிரிமோ என்று பேர்.
நாயும் இல்லை நத்தையும் இல்லை,
நனைந்த தலையணைக்குக் காது முளைத்த மாதிரி.
எல்லாம் சாம்பல் நிறம்.
ஆயிரம் ஆயிரத்தில் ஒன்று வெளிர் ரோஜா.
மினுக்கம் கிடையாது, மணியோசை கிடையாது,
நிறம் ஒன்றுதான் துப்பு.

அந்த இரண்டு நிறமும் இசோபேவுக்கு ஒன்று.
பிறந்ததிலிருந்தே.
செவுளின் சிவப்பைப் பார்த்துத் தரம் பிரிக்கும் மேசையிலிருந்து
இரண்டாம் நாளே அவரை
மூடி அழுத்தும் இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டார்களாம்.

ஆகவே போனைக் கல்லாமேல் தள்ளுவார்.
"நிராஜன், இது?"
"சாம்பல்தான்."
விட்டுவிடுவார். இன்னொன்று வரும்.
"இது?"
"சாம்பல்தான்."
புட்வலிலிருந்து வந்த புதிதில்
எனக்கு நாலு நிறத்துக்குத்தான் ஜப்பானிய மொழியில் சொல் தெரியும்.
ஐந்தாவது அவர் கேட்டுக் கேட்டுப் படிந்தது.
மூன்று வருஷம்.
வீட்டில் அம்மாவிடம் பேசியதைவிட
அந்த ஒரு சொல்லை அதிகம் சொல்லியிருப்பேன்.

இன்றைக்குச் சொல் தொண்டைவரை வந்து
நின்றுவிட்டது.

"இசோபே-சான், இதுதான்."

அவர் குதிக்கவில்லை.
இன்னொரு கையுறையையும் கழற்றி
அடுக்கிவைத்த செய்தித்தாள்மேல் மெதுவாக வைத்தார்.
"எப்படி இருக்கிறது?" என்றார்.
எப்படிச் சொல்வது?
"சுஷிப் பெட்டி மூலையில் இஞ்சி ஊறுகாய் வைப்பார்களே,
அது மாதிரி."
"இஞ்சிக்கு நிறம் உண்டா?"

மூன்று பந்து மிச்சம்.
முதல் பந்தை அது தும்மியே உடைத்தது.
இரண்டாவது, விரல் வழுக்கி, பனியில் எங்கோ போயிற்று.
மூன்றாவதற்கு அவர் குனிந்தார்,
மூக்கால் எறிந்தார்.
பந்து ஆடிற்று.
டாக்ஸிக்காரர் ஒருவர் உள்ளே வந்து
"எண்பத்தேழாம் நம்பர் சிகரெட்" என்றார்.
நான் திரும்பவில்லை.
பந்து ஆடிற்று.
"எண்பத்தேழு."
பந்து இன்னும் ஒருமுறை, அரை மனதாக.
பிறகு அசையவே இல்லை.

அகப்பட்டது.

பெட்டியைத் திறந்து, பழைய சாம்பலுக்குப் பக்கத்தில்
புதியதை நிறுத்தினார்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.
இரட்டைப் பிள்ளைகளில் எது மூத்தது என்று தேடுகிற முகம்.
"நல்லாயிருக்கு" என்றார்,
எதைப் பார்த்தோ.

போன செப்டம்பர்.
சரக்கு லாரி வந்த நேரம், பால் பெட்டிகள் வாசலை அடைத்திருந்தன.
"இது?" என்றார்.
தலை நிமிராமலே "சாம்பல்தான்" என்றேன்.
விட்டுவிட்டார்.
அணைகிற திரையில், கடைக்கண்ணில், ஏதோ ஒன்று
வெளுத்த இஞ்சி மாதிரி.
கண்டேனா, இல்லை, இப்போது கற்பிக்கிறேனா?

"மூன்று வருஷத்தில் முதல் தடவை, இல்லையா?"
என்று கேட்கிறார் இசோபே.

அவருடைய சோற்றுருண்டையை எடுத்துப்
பட்டைக்கோட்டைத் தேடுகிறேன்.
முன்னால் இருக்கிறது. இருந்தும் தேடுகிறேன்.
"சூடு பண்ணித் தரட்டுமா?"