அசாதாரணம் என்றொரு கட்டம்

முஹரக்கில், கடலைத் தூர்த்துக் கட்டிய ஓட்டலின்
வரவேற்புக் கூடத்துக்கு ஒரு முனகல் கேட்டார்கள்.
முத்தெடுக்கப் போனவர்கள் பாடும்போது
பாட்டுக்கு அடியில் ஓடுமே, அந்த மாதிரி.
இரவு எட்டுக்குத் தொடங்கி விடியும்வரை.
ஏசி இரைச்சலை அது மூடவேண்டும்,
அதை யாரும் கவனிக்கக் கூடாது.
நொடிக்கு ஐம்பத்தைந்து அதிர்வு.
ஒரு மதியத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

யாரும் கவனிக்கவில்லை,
செந்தூர்பாண்டி தவிர.

இரவுக் காவல். சாயல்குடி. இருபத்து மூன்று வயது.
அவன் பதிவேட்டில் ‘அசாதாரணம்’ என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் சூப்பர்வைசர் ஏசுவார்.
அறுபத்தோரு இரவு நிரப்பியிருக்கிறான்:
10.16 சவுண்டு லேசா கரகரப்பு.
12.33 கரகரப்பு கூடுது.
5.06 தகரம் கிழியுது.

அறுபத்தோரு இரவும் அதே நிமிடங்கள்.
பழுதுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

தண்ணீர்க் குவளை விட்ட ஈரத்தில்
மேசைமேல் விரலால் கணக்குப் போட்டேன்.
எட்டிலிருந்து 10.16க்கு
எண்ணாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நொடி.
12.33க்கு அதன் இரட்டை.
5.06க்கு அதற்கும் இரட்டை.
பதினெட்டு டிகிரிக் குளிரில் எனக்கு வியர்த்தது.

காணி, முந்திரி, இம்மி என்று
பின்னம் தேயத் தேயப் பெயர் வைத்த மொழிக்காரி,
காலத்தை முப்பத்திரண்டு பிட்டில் அடைத்திருக்கிறேன்.
ஃப்ளோட். மிதக்கும் புள்ளி.
முன்னால் எண் பெருக்கப் பெருக்க
பின்னால் பின்னத்துக்கு இடம் குறுகும்.
மாலையில், ஓடத் தொடங்கிய இரண்டாவது நொடியை
எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சமாக நறுக்கிய கத்தி
12.33 தாண்டினால்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு துண்டோடு மழுங்கிவிடும்.
வரிசையில் நிற்பதோ நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் மாதிரிகள்.
நாற்பத்தெட்டாயிரம் பேர், ஐந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி,
ஒருவர் மடியில் ஒருவர்.
வளைந்து வந்த அலை படிக்கட்டாகிவிடும்.
அதில் தடுக்கி விழும் சத்தம்தான் அவன் எழுதியது.

இதைப் பாதிதான் சொன்னேன். அதற்குள் கேட்டான்:
“உங்க மிஷினும் ரவுண்டு பண்ணுதா மேடம்?”
அவன் நேரச்சீட்டு அரைமணிக் கணக்கில் ஓடுகிறது.
ஆறு இருபத்தெட்டுக்கு ஆள் மாற்றினாலும் ஆறு.
அதற்குப் பெயர் ரவுண்டு இல்லை, வெட்டு என்றேன்.
எங்கள் தொழிலில் இரண்டும் வேறு.
“எங்க தொழில்ல ஒண்ணுதான்” என்றான்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். டபிள்.
அறுபத்து நான்கு பிட்.
இனி அந்த நேரத்திலும் நொடிக்கு
இருபத்தேழாயிரம் கோடித் துண்டுக்கு மேல்.
ஓட்டல் இற்று விழுந்தாலும் முனகல் பிசிறாது.

சோதிக்க அன்றிரவு கூடவே உட்கார்ந்தேன்.
10.16. ஒன்றுமில்லை.
12.33. மெழுகில் விரல் ஓட்டியது போல.
கண்ணாடிக்கு வெளியே தூர்வாரும் கப்பலின் விளக்கு
நகர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை.
பாண்டி இரண்டு கொட்டாவி விட்டான்.
கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதோரம் வைத்தான்,
பிறகுதான் முள்ளைப் பார்த்தான்.

“ஒண்ணரையாயிருச்சா?
கரகரப்பு கூடுனா சாப்பாட்டைப் பிரிப்பேன் மேடம்.
தகரம் கிழிஞ்சா மூஞ்சி கழுவுவேன்.
ஒரு மணிநேரத்துல ஆள் வந்துருவான்னு அர்த்தம்.”
சாப்பாட்டுப் பொட்டலத்தின் முடிச்சு
அவிழாமல் கிடந்தது.

பழைய சொல்லைத் திரும்ப வைக்கட்டுமா
என்று கேட்க வாயெடுத்தேன்.
எந்த டிக்கெட்டில், என்ன காரணம் எழுதி?

அவன் பதிவேட்டை இழுத்தான்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி,
அசாதாரணம் என்ற கட்டத்தில்,
கோட்டுக்கு வெளியே போகாத சின்ன எழுத்தில்:
1.30 சவுண்டு நல்லா இருக்கு.